பூங்காவுக்குள்ள போயும் ஓரமாத்தான் நடக்கணுமா?

பே ஏரியாவில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் சாதம் முடிந்து தயிர் சாதத்துக்கு வருவதற்குள் யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுகிறார். "கோல்டன் கேட் பார்க்ல அந்த ரோட்டை ஏன்தான் மூடித் தொலைச்சாங்களோ, பார்க்கிங் கிடைக்காம நாலு சுத்து சுத்த வேண்டியிருக்கு". உடனே சுற்றி இருக்கிற தலையெல்லாம் ஆமாம் என்று ஆடும். இந்தப் பதிவு அந்தத் தலைகளுக்காக. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், தண்ணியைப் பக்கத்துல வெச்சுக்குங்க :-)

சான் பிரான்சிஸ்கோ பக்கம் வராதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. கோல்டன் கேட் பூங்கா ஆயிரம் ஏக்கருக்கும் மேல். கிழக்கு மேற்காக மூன்று மைல் நீளம், அரை மைல் அகலம், நீட்டிப் படுத்த செவ்வகம். மேற்கு முனையில் பசிபிக் கடல். இதற்குள்ளே ஓடுவது ஜான் எஃப். கென்னடி டிரைவ். 1879-இல் திறந்த கண்ணாடி மலர்க்கூடம், ரோஜாத் தோட்டம், டி யங் அருங்காட்சியகம் எல்லாம் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், இதன் கிழக்குப் பாதியில் சுமார் ஒன்றரை மைலுக்குக் கார்களை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் நகர மேற்பார்வையாளர் சபை (நம்ம ஊர் மாநகராட்சி மன்றம் மாதிரின்னு வெச்சுக்குங்க) 7-4 என்ற கணக்கில் அதை நிரந்தரமாக்கியது. விடுவார்களா? அதே வருடம் நவம்பரில் விஷயம் வாக்குச்சீட்டுக்குப் போனது. கார்களைத் திரும்ப விடச் சொன்ன தீர்மானம் தோற்றது. விடவேண்டாம் என்ற தீர்மானம் அறுபது சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஜெயித்தது.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்களில் கார் கட்சியும் உண்டு, சைக்கிள் கட்சியும் உண்டு. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: முடியவில்லை. ஒரு சாலையில் ஆள் பிழைப்பதும் சாவதும் அங்கே நட்டிருக்கிற போர்டால் தீர்மானமாவதில்லை. அந்தச் சாலையை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதால் தீர்மானமாகிறது. கென்னடி டிரைவில் பாதியை மூடினோம், மீதியைத் தொடவே இல்லை. மூடின பாதியையும் திருத்திக் கட்டவில்லை.

சரி, கார்க்காரர்கள் கேள்விகளிலிருந்து ஆரம்பிப்போம்.

"பூங்காவுக்கு வர்றவன் கார்ல வரக்கூடாதா?" தாராளமா வரலாம் சாமி. ஆனா அந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த கார்களில் முக்கால்வாசி பூங்காவுக்கு வந்தவையே கிடையாது. இது நகரப் போக்குவரத்துத் துறையே சொன்ன கணக்கு. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற குறுக்குவழிக் கூட்டம் அது. இத்தனைக்கும் பூங்காவின் வடக்கு ஓரம் முழுக்க ஃபுல்டன் தெரு, தெற்கு ஓரம் முழுக்க லிங்கன் வே. ரெண்டும் இதே திசையில் ஓடுகிற, காருக்கென்றே இருக்கிற பெரிய தெருக்கள். நடுவில் அரை மைல் அகலத்துக்கு மரமும் புல்லும் குழந்தைகளும். வீட்டுக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அடுத்த தெருவுக்குப் போகிறவன் வாசல் வழியாக வண்டியை விட்டுக் கொல்லைப்புறமாக வெளியே போனால் நாம் என்ன செய்வோம்? "பார்த்து உக்காருங்கப்பா, வண்டி வருது" என்று பந்தியில் இருப்பவர்களுக்கா புத்தி சொல்வோம்?

ஆனால் அதைத்தான் வருஷக்கணக்காகச் சொன்னோம். ஓரமாப் போ. பார்த்துப் போ. குழந்தை கையைப் பிடிச்சுக்கோ. நம்ம ஊரில் பிறந்தவனுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் போக்குவரத்து விதியே "ஓரமாப் போ" தான். நடக்கிறவன் ஒதுங்கணும், சைக்கிள்காரன் அவனுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கணும், நடுரோடு எப்பவும் எஞ்சினுக்கு. விமானம் ஏறி அமெரிக்கா வந்தாலும் இந்தப் புத்தி மட்டும் கூடவே பெட்டியில் வந்துவிடுகிறது.

கொஞ்சம் எண் கணக்கு பார்ப்போம். நடந்து போகிறவர் மேல் கார் மோதினால் பிழைப்பாரா என்பது அநேகமாக வேகத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் டிரிபிள் ஏ அறக்கட்டளை 2011-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாகச் சொன்னது இது: மணிக்கு 23 மைல் வேகத்தில் மோதினால் சாகும் வாய்ப்பு 10 சதவீதம். 32 மைலில் 25 சதவீதம். 42 மைலில் 50 சதவீதம், அதாவது பூவா தலையா. வண்டி ஓட்டுகிறவருக்கு 23-க்கும் 32-க்கும் நடுவில் பெரிய வித்தியாசமே தெரியாது, பாட்டு சத்தம் கொஞ்சம் கூடினால் கால் தானாக அழுத்தும். வெளியே நடக்கிறவருக்கு அந்த ஒன்பது மைல்தான் ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் உள்ள தூரம்.

அந்தக் கால் எப்போது அழுத்தும்? சாலை அகலமாக, தடையில்லாமல், எதிரே நெடுந்தூரம் தெரிகிற மாதிரி இருந்தால் அழுத்தும். ஓட்டுகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயமே இல்லை. நீங்களும் நானும் அங்கே அப்படித்தான் ஓட்டுவோம். குறுகலாக, வளைந்து, நடுநடுவே மேடு வைத்திருந்தால் போர்டே இல்லாமல் மெதுவாகப் போவோம். சாலை வாய் திறந்து பேசாது, ஆனால் எவ்வளவு வேகம் என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் "விபத்து" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நம்ம வாயில் அது விதிக்குப் பக்கத்து வீடு. நேரம் சரியில்ல, தலையெழுத்து, என்ன பண்றது. 2016 ஜூனில் இதே கென்னடி டிரைவின் மேற்குப் பகுதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கார் ஒன்று இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. அதே நாளில் நகரத்தின் வேறொரு பக்கத்தில் இன்னொரு பெண், அவரும் சைக்கிளில் போனவர்தான், வாகனம் மோதி இறந்தார். ஓட்டினவன் குற்றவாளிதான், சந்தேகமே இல்லை. ஆனால் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு, அதற்குள் ஒரு கார் அந்த வேகத்தில் போக முடிகிற மாதிரி சாலை போட்டு வைத்தது யார்? அதற்கு விதி என்று பெயர் வைத்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரொம்ப வசதி.

"அதான் 2012-லயே சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டாங்களே?" போட்டாங்க. எப்படிப் போட்டாங்க தெரியுமா? சாலையோரத்தில் சைக்கிள் பாதை, அதை ஒட்டி ஒரு பட்டைக்கு வெறும் பெயின்ட், அதற்கு அடுத்து வரிசையாக நிறுத்தின கார்கள், அதற்கும் அப்பால் ஓடும் கார்கள். நிறுத்தின கார் அரணாக இருக்கும் என்பது கணக்கு. காகிதத்தில் பிரமாதம். நடைமுறையில், காரிலிருந்து இறங்குகிற குடும்பம் முழுவதும், தள்ளுவண்டி, பிக்னிக் கூடை, ஓடுகிற வாண்டு எல்லாம், நேராக சைக்கிள் பாதையில்தான் கால் வைக்கும். சைக்கிள்காரன் மணியடிப்பான், அம்மா திட்டுவாள். ஓடுகிற காருக்கு மட்டும் ஒரு பிரச்னையும் கிடையாது. இதுக்குப் பேரு சமரசமாம். ஒருத்தன் இலையில் முழுச் சாப்பாடு, மத்த ரெண்டு பேருக்கும் ஒரே இலை, அடிச்சுக்காம சாப்பிடுங்கன்னு உபதேசம்.

இப்போது "அவசரப்பட்டு மூடிட்டாங்க" என்கிற ஜல்லியைப் பார்ப்போம். அவசரமா? வரிசையாகச் சொல்றேன், கேளுங்க.

1966: பூங்கா வழியாக ஒரு பெரிய நெடுஞ்சாலையே கொண்டுபோகத் திட்டம் வைத்திருந்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து, சபையில் 6-5 என்று ஒரே ஓட்டில் அது செத்தது. அந்த ஒரு ஓட்டு மாறியிருந்தால் இன்றைக்கு நாம் பூங்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1967: ஞாயிற்றுக்கிழமை மட்டும் கென்னடி டிரைவின் கிழக்குப் பகுதியில் கார் கிடையாது என்றார்கள். ஸ்கேட்டிங் கூட்டம், சைக்கிள், குழந்தைகள் என்று திருவிழாவானது.

2000: சனிக்கிழமையும் மூடலாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். ஒரே வாக்குச்சீட்டில் ரெண்டு தீர்மானம். ஒன்று உடனே மூடச் சொன்னது, இன்னொன்று நிலத்தடி பார்க்கிங் கட்டி முடிக்கும்வரை பொறுக்கச் சொன்னது. ரெண்டும் தோற்றன.

2005 வாக்கில் அந்த நிலத்தடி பார்க்கிங் திறந்தது. சுமார் 800 கார்கள் நிற்கும். பார்க்கிங்தானே கேட்டீங்க, வந்தாச்சு, சனிக்கிழமையை இப்பவாவது கொடுங்கப்பா என்று 2006-இல் சபை தீர்மானம் போட்டது. அப்போதைய மேயர், பின்னாளில் கலிஃபோர்னியா ஆளுநரான கேவின் நியூசம், வீட்டோ போட்டு நிறுத்தினார்.

2007: வருடத்தில் ஆறு மாதம் மட்டும், சனிக்கிழமை மட்டும், அதுவும் ஒரு பகுதி மட்டும் என்று பிச்சை போட்டார்கள்.

பிறகு 2020. உலகமே நின்றபோதுதான் சாலையும் நின்றது. ஆக 1967-இலிருந்து எண்ணினால் ஐம்பத்து மூன்று வருஷம். இதையா அவசரம் என்கிறீர்கள்? நம்ம ஊர் சிவில் கேஸே இதைவிட வேகமா முடியும்யா.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2000-இல் மக்களிடம் கேட்டது ஒரு கற்பனையை. "மூடினா எப்படி இருக்கும்?" என்றால் எல்லோருக்கும் முதலில் பார்க்கிங்தான் ஞாபகத்துக்கு வரும். 2022-இல் கேட்டபோது அவர்கள் ரெண்டரை வருஷம் அங்கே நடந்து பார்த்திருந்தார்கள். நடுரோட்டில் பியானோ, சாய்வு நாற்காலி, தரையில் ஓவியம், ஸ்கேட்டிங் பழகுகிற அறுபது வயசுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். டி யங் அருங்காட்சியகத் தரப்பு கார் வேண்டும் என்று நின்றும் மக்கள் மசியவில்லை.

அடுத்து, கார் கட்சியின் பிரம்மாஸ்திரம்: "வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் எல்லாம் எப்படி வருவாங்க?" இதை மட்டும் நான் கிண்டல் செய்யப் போவதில்லை, நியாயமான கேள்வி. சக்கர நாற்காலியில் வருபவர் இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்க வேண்டும். நகரத்தின் தென்கிழக்கில் பேவ்யூ மாதிரி பகுதிகளிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர்களுக்கு இந்தப் பூங்கா எட்டாத தூரம் என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் என்ன? மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங்கைக் கூட்டு. இலவச ஷட்டில் விடு. பேவ்யூவிலிருந்து நேர் பஸ் விடு. முதல் ரெண்டையும் நகரம் ஓரளவுக்குச் செய்திருக்கிறது, அருங்காட்சியகங்களுக்கு நடுவில் இருக்கிற இசைத்திடலுக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள், ஷட்டில் ஓடுகிறது. போதவில்லையா? இன்னும் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். ஆனால் ஒரு பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு, பூங்காவில் நிற்கவே நிற்காத ஆயிரம் குறுக்குவழிக் கார்களை உள்ளே விடுவது பாட்டிக்குச் செய்கிற உதவி இல்லை.

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஆறு மாசம் தங்குகிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் இங்கே கார் ஓட்டுகிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் உட்கார்ந்து சன் டிவி பார்த்துக்கொண்டு, எப்போதடா சனிக்கிழமை வரும், மகன் காரை எடுப்பான் என்று காத்திருப்பவர்கள். ஊரில் காலையில் எழுந்து பால் பூத், கோவில், காய்கறிக் கடை என்று மூணு கிலோமீட்டர் அசராமல் நடந்த மனுஷர் இங்கே வந்து வீட்டுக்காவலில் கிடக்கிறார். அவருக்கு வேண்டியது டி யங் வாசலில் பார்க்கிங் அல்ல. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து, பின்னால் ஹாரன் கேட்காமல், ஒரு மைல் நடக்கக் கிடைக்கிற இடம். வயசானவர்களுக்காகக் கார் வேண்டும் என்று கண்ணீர் விடுகிறவர்கள் ஒருமுறை தங்கள் வீட்டு வயசானவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

சைக்கிள் கட்சி நண்பர்களே, கைதட்டினது போதும், இப்போது உங்கள் பக்கம் வருகிறேன் :-)

கார் போனதும் சாலை சொர்க்கமாகிவிடவில்லை. அதே அகலத் தார், அதே சரிவு. அந்தச் சரிவில் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு டூர் டி பிரான்ஸ் நினைப்பில் பறக்கிறவர்களையும், மின்சார சைக்கிளில் காலே அசையாமல் சீறுகிறவர்களையும் பார்க்கிறோம். நியூயார்க்கில் என்ன நடந்தது? சென்ட்ரல் பூங்காவில் 2014-இல் சைக்கிள் மோதியே ரெண்டு பாதசாரிகள் இறந்தார்கள். 2018 ஜூனில் அந்தப் பூங்காச் சாலைகளில் கார் முழுசாக நின்றது, புருக்ளினில் பிராஸ்பெக்ட் பூங்காவில் அதே வருடம் ஜனவரியில். கார் போனபிறகும் நடக்கிறவர், ஓடுகிறவர், சைக்கிள் என்று யாருக்கு எந்த இடம் என்ற சண்டை போகவில்லை. காருக்காகப் போட்ட சாலையில் மனிதர்களை விட்டால், அந்தச் சாலை அவர்களையும் கார் மாதிரிதான் ஓடச் சொல்லும். காருக்குச் சொன்ன அதே நியாயம்தான் சைக்கிளுக்கும். நடக்கிறவனிடம் "ஓரமாப் போ" என்று சொல்லும் உரிமை சைக்கிள்காரனுக்கும் கிடையாது.

அப்ப என்னதான் செய்யணும்கிறே? சொல்றேன்.

1. மூடின கிழக்குப் பாதியில், நடக்கிறவர்களுக்கும் சக்கரத்தில் போகிறவர்களுக்கும் இடத்தைப் பிரிக்க வேண்டும். பெயின்ட் கோட்டால் அல்ல, உயர வித்தியாசத்தாலோ செடிவரிசையாலோ. நடக்கிறவர்களுக்குப் பெரிய பங்கு.

2. மலர்க்கூடம், ரோஜாத் தோட்டம் மாதிரி ஜனம் குறுக்கே நடக்கிற இடங்களில் பாதையை நடைபாதை உயரத்துக்கே தூக்கிக் கட்ட வேண்டும். சைக்கிள் தானாக மெதுவாகும். மணியும் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

3. டிரான்ஸ்வெர்ஸ் டிரைவுக்கு மேற்கே கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே கார் வரட்டும், ஆனால் கடந்து போகக் கூடாது. நடுவில் ஒரு இடத்தில் அடைத்துவிட்டால் போதும், வருகிறவர் வந்த வழியே திரும்பிப் போவார். மைதானத்துக்கும் காட்டெருமை பார்க்கவும் வருகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குறுக்குவழிக்காரர் ஃபுல்டனில் போகட்டும். வருகிற கார்களுக்கும் பாதையைக் குறுக்கி, கிராசிங்குகளை மேடாக்க வேண்டும்.

4. ஷட்டில் அடிக்கடி ஓட வேண்டும், வார நாளிலும். பெஞ்ச், கழிவறை, நிழல். வயசானவர்களுக்கு நடக்கத் தெரியும், நடுவில் உட்காரத்தான் இடம் வேண்டும்.

இதில் எதுவுமே ராக்கெட் விஞ்ஞானமல்ல. கல், மண், சிமெண்ட், கொஞ்சம் செடி. இல்லாதது துணிச்சல்தான். அதற்குக் காரணமும் தெரியும். 2024 நவம்பரில் கடலோரப் பெரு நெடுஞ்சாலையின் ஒரு நீண்ட பகுதியைப் பூங்காவாக்க நகரம் ஓட்டுப் போட்டது, 2025 ஏப்ரலில் அது சன்செட் டியூன்ஸ் என்ற பெயரில் திறந்தது. அந்தத் தீர்மானத்துக்குத் துணை நின்ற பகுதி உறுப்பினர் ஜோயல் எங்கார்டியோவை, 2025 செப்டம்பரில் அவர் தொகுதி மக்களே ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இதைப் பார்த்த எந்த அரசியல்வாதி இனி ஒரு சாலையில் கை வைப்பார்? "மூடினது மூடினபடி இருக்கட்டும், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்" என்றுதான் நழுவுவார்கள்.

அதனால்தான் சாப்பாட்டுத் தட்டோடு தலையாட்டுவது எனக்கு அற்ப விஷயமாகத் தெரியவில்லை. நகரத்துக்குள் குடியிருந்து ஓட்டுரிமையும் உள்ளவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் ரெண்டு நிமிஷம் பேச யாருக்கும் அனுமதி உண்டு. பார்க்கிங் கிடைக்காதவனின் குரல் அங்கே எப்போதும் சத்தமாகக் கேட்கிறது. தள்ளுவண்டி தள்ளுகிற தாத்தாவின் குரல் கேட்பதே இல்லை, அவருக்கு அந்தக் கூட்டம் நடப்பதே தெரியாது. அவர் சார்பாகப் பேச வேண்டியவர்கள் நாம்தான், நாமோ பார்க்கிங்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக வந்து சண்டை போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஒன்றரை மைலை முழுசாக நடந்து பாருங்கள். அப்படியே டிரான்ஸ்வெர்ஸ் டிரைவைத் தாண்டி, கார் ஓடுகிற பகுதியிலும் அரை மைல் நடங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாகக் குழந்தையின் கையைப் பிடிக்கிறது என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.